மனோரமா வெறும் நகைச்சுவை நடிகையா, குணச்சித்திர நடிகையா?

இரண்டும்தான். ஆனால் நகைச்சுவைக்குள் மட்டும் அவரை அடைப்பது பெரிய அநியாயம்.

இயற்பெயர் கோபிசாந்தா. 1937இல் மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடி அருகே பள்ளத்தூரில் வளர்ந்தார். வறுமையால் படிப்பு நின்றது. நாடக மேடைதான் பள்ளிக்கூடம். எஸ்.எஸ்.ராஜேந்திரன் குழுவில் நடித்த பிறகு, கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) மூலம் திரைக்கு வந்தார். 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகி. அந்த வழியிலேயே போகாமல் துணைப் பாத்திரங்களில் நிலைத்ததால்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தார் என்பது என் கணிப்பு. நாயகிக்கு வயது தடை. அத்தை, அம்மா, ஆச்சி வேடங்களுக்கு அதுவே மூலதனம்.

அவருடைய உண்மையான பலம் பேச்சு. கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசும் மேடைப் பழக்கத்தைக் கேமரா முன்பும் அப்படியே தொடர்ந்தால் மிகையாகிவிடும். நாடகத்திலிருந்து வந்த பலர் சறுக்கியது அங்கேதான். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) பாருங்கள். ஜில் ஜில் ரமாமணி நாடகக்காரி என்பதால் அந்த மிகையையே பாத்திரத்தின் இயல்பாக்கி, தனியாக இருக்கும் இடங்களில் குரலைத் தணித்துவிடுவார். அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்யாரே ஊட்டாண்ட' என்று சென்னைத் தமிழில் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார்.

ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸ் பதிவு, 'புதிய பாதை'க்குத் துணை நடிகைக்கான தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் மறைந்தார்.

எங்கே தொடங்குவது என்றால், முதலில் ரமாமணி, அடுத்து 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா.