6ம² − 7ம − 20: குறுக்குக் கோடு போட்டால் விடை ஏன் தப்பாக வருகிறது?

கடலூரில் சமச்சீர் படிக்கும் உங்கள் மகள் 6ம² − 7ம − 20 ஐக் காரணிப்படுத்த குறுக்குக் கோடு போட்டுச் செய்கிறாள், விடை (ம − 15)(ம + 8). புதுச்சேரியில் சிபிஎஸ்இ படிக்கும் அவளுடைய அத்தை மகன் நடு உறுப்பைப் பிரிக்கிறான், விடை (2ம − 5)(3ம + 4). எந்த முறை சரி என்று கேட்டிருக்கிறீர்கள். (எக்ஸுக்குப் பதில் ‘ம’ போட்டிருக்கிறேன்.)

முறை இரண்டும் ஒன்றுதான். பையன் விடை சரி. உங்கள் மகள் கடைசிப் படியை மட்டும் விட்டுவிட்டாள்.

இருவருமே முதலில் 6 × (−20) = −120 என்று பெருக்குகிறார்கள். பெருக்கினால் −120, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 1 × 120, 2 × 60 என்று ஆரம்பிப்பது வீண் வேலை. பெருக்கற்பலன் மைனஸ் என்பதால் குறிகள் வேறுவேறு. ஆக இரண்டுக்கும் வித்தியாசம் 7 இருந்தால் போதும். வித்தியாசம் சின்னது, அதனால் நடுவிலிருந்து பாருங்கள். 10 × 12, வித்தியாசம் 2. அடுத்தது 8 × 15, வித்தியாசம் 7. கிடைத்துவிட்டது. நடு உறுப்பு மைனஸ், எனவே பெரிய எண்ணுக்கு மைனஸ்: −15, +8.

பையன் இதை 6ம² − 15ம + 8ம − 20 என்று பிரித்து, 3ம(2ம − 5) + 4(2ம − 5) என்று பொதுக் காரணி எடுக்கிறான். குறுக்குக் கோட்டில் இரண்டு எண்களையும் 6 ஆல் வகுக்க வேண்டும்: −15/6 = −5/2, 8/6 = 4/3. பகுதி ‘ம’வுடன் சேரும், தொகுதி மாறிலியாகும்: (2ம − 5), (3ம + 4). ஏன் வகுக்கிறோம்? (6ம − 15)(6ம + 8) என்பது நம் கோவையைப் போல் 6 மடங்கு. முதலாவதிலிருந்து 3, இரண்டாவதிலிருந்து 2 வெளியே வந்தால் அந்த 6 கழிந்துவிடும். ம² கெழு 1 என்றால் வகுக்க எதுவுமில்லை. அந்தக் கணக்குகளைப் போட்டே கை பழகியதால்தான் இங்கே மறக்கிறது.

பிரிக்கும் முறையிலும் ஒரு குழி உண்டு. 6ம² + 8ம − 15ம − 20 என்று எழுதினால் பின்பாதியிலிருந்து −5 ஐ எடுக்க வேண்டும்; உள்ளே 3ம + 4 வரும். பலர் 3ம − 4 என்று எழுதிவிட்டு அடைப்புகள் பொருந்தவில்லையே என்று விழிப்பார்கள்.

12ம² − 14ம − 40 என்று கொடுத்தால் முதலில் 2 ஐ வெளியே எடுங்கள், இல்லையென்றால் −480 க்கு ஜோடி தேட வேண்டிவரும். விடையில் அந்த 2 ஐ எழுத மறக்கக் கூடாது.

சரிபார்க்க ம = 10 போடுங்கள். 600 − 70 − 20 = 510; 15 × 34 = 510. மகளின் விடையில் −5 × 18 = −90, உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜோடியே சிக்காவிட்டால் தன்மைகாட்டியை (நடுக் கெழுவின் வர்க்கம் − 4 × ம² கெழு × மாறிலி) பாருங்கள். இங்கே 49 + 480 = 529 = 23². முழு வர்க்கம்; (−7 + 23)/2 = 8, (−7 − 23)/2 = −15, தேடாமலே ஜோடி கையில். 6ம² − 7ம − 15 என்றால் 409, முழு வர்க்கமில்லை. முழு எண் காரணிகள் கிடையாது. சமன்பாடாகக் கேட்டிருந்தால் நேரே இருபடிச் சூத்திரத்துக்குப் போய்விடலாம்.