செல்லுக்கு நியூக்ளியஸ்தான் (உட்கரு) பாஸ்னு எப்படி கண்டுபிடிச்சாங்க?

சும்மா யூகிச்சு சொன்னது இல்லங்க, ஜெர்மன் உயிரியல் விஞ்ஞானி ஹெமர்லிங் 1930கள்ல செஞ்சே காட்டிட்டார். அசிடாபுலேரியான்னு ஒரு கடல்பாசி, மொத்த உடம்பும் ஒரே செல்தான் ஆனா சில சென்டிமீட்டர் உயரம் வளரும், மேல குடை மாதிரி தொப்பி, நியூக்ளியஸ் அடியில, அதனால வெட்டி ஒட்டியே டெஸ்ட் பண்ணலாம் (நம்ம செல்ல இப்படி பண்ண முடியுமா!). தொப்பி வடிவம் வேறயா இருக்கற ரெண்டு இனத்த எடுத்து ஒண்ணோட தண்ட இன்னொண்ணோட அடிப்பாகத்துல ஒட்டினார். தண்டுதான் வடிவத்த முடிவு பண்ணுதுன்னா தண்டோட இனத் தொப்பி வரணும், நியூக்ளியஸ்னா அடிப்பாகத்தோடது வரணும், அவ்ளோதான் கேள்வி.

முதல் தொப்பி சில சமயம் ரெண்டும் கலந்தாப்ல வந்துச்சு, குழப்பம். அத வெட்டிட்டு திரும்ப வளரவிட்டா அடிப்பாகத்தோட தொப்பியே வந்துச்சு. தண்டுல மிச்சமிருந்த ஏதோ பொருள் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சார், அது எம்ஆர்என்ஏன்னு, அதாவது நியூக்ளியஸோட கட்டளைய சுமந்துட்டு வர்ற மூலக்கூறுன்னு, பல வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது.