வரிசையில் நிற்பதா, வி-யாகச் சாய்வதா?

பட்டறைப் பதில்கள்

லாரி எஞ்சின் பராமரிப்பைப் பற்றிச் சென்ற மாதம் எழுதிய குறிப்புக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் எஞ்சின் நல்லதா, இரண்டு வரிசையாகப் பிரித்து ‘வி’ போலச் சாய்த்து வைக்கும் எஞ்சின் நல்லதா என்பதே அது. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மூன்று தலைமுறையாக லாரி வைத்திருக்கிறோம். இதுவரை எங்களிடம் இருந்த எல்லா வண்டிகளிலும் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில்தான் நிற்கும். ஐரோப்பாவில் வி8 லாரிகள் ஓடுவதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, வி எஞ்சினுக்குத்தான் இழுவை அதிகம் என்று சாதிக்கிறான் என் மகன். அது உண்மையென்றால் நம் நாட்டுக் கம்பெனிகள் ஏன் அதைத் தருவதில்லை? (நாமக்கல் வாசகர்)

உங்கள் மகன் பார்த்தது பெரும்பாலும் ஸ்கானியா லாரியாக இருக்கும். சுவீடனைச் சேர்ந்த அந்த நிறுவனம் 1969இல் 14 லிட்டர் வி8 டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தபோது, அதன் 350 குதிரைத்திறனுக்கு ஐரோப்பிய லாரிகளில் போட்டியே இருக்கவில்லை. அதன் வாரிசு 2020இல் 16.4 லிட்டரில் 770 குதிரைத்திறனையும் 3,700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் எட்டியது. இதோடு கதை முடிந்திருந்தால் உங்கள் மகன் சொல்வதே சரி. ஆனால் அதே சுவீடனில் இருக்கும் வால்வோ, ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் நிறுத்திய 16 லிட்டர் எஞ்சினிலிருந்து 750 குதிரைத்திறனை 2011இலேயே எடுத்துவிட்டது. 2024இல் 17 லிட்டர் வரிசை எஞ்சினில் 780 குதிரைத்திறனும் 3,800 நியூட்டன் மீட்டரும் தந்து பக்கத்து ஊர்க்காரரைத் தாண்டியும் போனது. சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதிலிருந்து இழுவை பிறப்பதில்லை. எவ்வளவு காற்றை உள்ளே திணித்து எவ்வளவு டீசலை எரிக்க முடிகிறது, அதனால் எழும் அழுத்தத்தை இரும்பு எவ்வளவு காலம் தாங்குகிறது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் ஸ்கானியா எதற்காக வி-யைத் தேர்ந்தது என்று கேட்பீர்கள். இடத்துக்காகத்தான். எட்டுச் சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்தால் எஞ்சின் கேபினுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு நான்காகப் பிரித்துச் சாய்த்தால் ஏறக்குறைய நான்கு சிலிண்டர் எஞ்சினின் நீளத்தில் அடங்கிவிடும். நீளத்தில் மிச்சப்படுத்தியதை அகலத்தில் கொடுத்தாக வேண்டும். லாரியின் சேசிஸோ இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே ஒடுங்கிய இடத்தைத்தான் எஞ்சினுக்கு விட்டுவைக்கிறது. அதிலும் ஸ்டியரிங் பாக்ஸ், புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ, புகைக்குழாய் எல்லாம் பங்கு கேட்கும்.

மற்றவர்கள் வி-யைத் தவிர்ப்பதற்கு இதைவிட முக்கியமான காரணம், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கில் இருக்கிறது. இன்றைய பெரிய டீசல் எஞ்சின்களில் சிலிண்டருக்குள் எழும் உச்ச அழுத்தம் 200 பாரைத் (நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு) தாண்டுகிறது. 130 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள ஒரு பிஸ்டனின் தலையில் அது சுமத்தும் எடை ஏறக்குறைய 27 டன். பத்துச் சக்கர லாரி ஒன்று முழு லோடுடன் ஒரே பிஸ்டன்மேல் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டரில் (சுருக்கமாக, வரிசை ஆறில்) பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் கிராங்கில் தனி இடமும், அதன் இரு பக்கமும் கிராங்கைத் தாங்குவதற்கு ஒவ்வொரு மெயின் பேரிங்கும் உண்டு. மொத்தம் ஏழு மெயின் பேரிங்குகள். வி8இல் எதிரெதிர் வரிசையைச் சேர்ந்த இரண்டு ராடுகள் கிராங்கில் ஒரே பின்னை (ராடு மாட்டும் முளையை) பகிர்ந்துகொள்வதால், ராடின் கிராங்க் பக்க முனையில் உள்ள பிக் எண்டு பேரிங்கின் அகலத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. எட்டுச் சிலிண்டருக்கும் சேர்த்து மெயின் பேரிங் ஐந்துதான். அதையும் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும்படி செய்ய முடியும் என்பதற்கு ஸ்கானியாவே சாட்சி. ஆனால் அதற்குச் செலவு கூடும்.

டர்போவும் வரிசை ஆறுக்குத்தான் ஒத்துப்போகிறது. 1-5-3-6-2-4 என்ற ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும் முறை) உங்கள் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமாக இருக்கும். அதைச் சற்றுக் கவனியுங்கள். முன் மூன்றில் ஒன்று வெடித்தால் அடுத்தது பின் மூன்றில் வெடிக்கிறது. மறுபடி முன், மறுபடி பின். ஆகவே முன் மூன்றின் புகையை ஒரு குழாயிலும் பின் மூன்றின் புகையை இன்னொரு குழாயிலும் டர்போவுக்கு அனுப்பினால், ஒன்றின் வேகத்தை மற்றொன்று கெடுக்காமல் சீரான இடைவெளியில் இரண்டும் மாறி மாறி விசிறியைத் தள்ளும். வி எஞ்சினில் இதே ஒழுங்கைக் கொண்டுவர, இரண்டு பக்கப் புகையையும் குழாய் சுற்றி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும்.

டாடாவின் பழைய 697 எஞ்சின், எண்ணூரில் உருவாகும் லேலண்ட் எஞ்சின்கள், ஒரகடத்திலிருந்து வரும் பாரத்பென்ஸின் 6.4 லிட்டர் என நம் சாலையில் ஓடும் ஆறு சிலிண்டர்கள் யாவும் வரிசையாகவே நிற்பது இந்தக் கணக்கால்தான். நமக்குத் தொழில்நுட்பம் போதாததால் அன்று. பென்ஸின் ஆக்ட்ரோஸ் லாரியே 1996இல் வி6, வி8 எஞ்சின்களுடன் வந்து, 2011இல் புதிய வடிவம் எடுத்தபோது வரிசை ஆறுக்கு மாறியது என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. எடை சமமாகிவிடுகிறதே, பிறகு அதிர்வு எப்படி வருகிறது? வரிசை ஆறு மட்டும் ஏன் அவ்வளவு மென்மையாக ஓடுகிறது? (கோவை பொறியியல் மாணவி)

எடை சமம்தான், நகரும் தூரம் சமமில்லை. கனெக்டிங் ராடு நேராக நிற்காமல் சாய்ந்து போவதால் பிஸ்டனின் பயணம் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் அமைகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லிமீட்டர், ராடின் நீளம் 150 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். கிராங்க் உச்சியிலிருந்து கால் சுற்றுச் சுற்றியதும், பிஸ்டன் சரிபாதியான 45 மில்லிமீட்டரில் நிற்பதில்லை; ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் இறங்கிவிட்டிருக்கும். அதே நேரத்தில் அடியிலிருந்து புறப்பட்ட மற்ற இரண்டும் 38 மில்லிமீட்டர்தான் ஏறியிருக்கும். அந்தக் கணத்தில் நான்கு பிஸ்டன்களும் ஒரே மட்டத்தில், நடுக்கோட்டுக்கு 7 மில்லிமீட்டர் கீழே நிற்கின்றன. அடுத்த கால் சுற்றில் அவற்றின் சராசரி இடம் பழையபடி நடுக்கோட்டுக்கு ஏறிவிடும். இப்படிச் சுற்றுக்கு இருமுறை மொத்த எடையும் மேலும் கீழும் குதிக்கிறது.

வெறும் 7 மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. பிஸ்டனும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகங்களும் சிலிண்டருக்கு அரைக் கிலோ என்று வைத்தால், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அந்தக் குதிப்பின் விசை ஒரு டன்னைத் தொடும். 3,000 சுற்றில் அதில் கால் பங்கு. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக இது கூடிக்கொண்டே போவதால்தான், இரண்டு லிட்டரைத் தாண்டும் நான்கு சிலிண்டர்களில், கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில் சுழன்று இந்த விசையை எதிர்த்து நிற்கும் இரண்டு சமன் தண்டுகளைச் சேர்க்கிறார்கள். பிரிட்டனின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறிந்த உபாயம் இது. 1970களில் மிட்சுபிஷி இதற்கு மறுவாழ்வு கொடுத்தது. போர்ஷே தன் 944 காருக்காக அந்த உரிமத்தை மிட்சுபிஷியிடமிருந்து பெற்றது.

ஆறு சிலிண்டர் வரிசையில் 1-6, 2-5, 3-4 என்று சோடி சேர்ந்து, சோடிக்குச் சோடி 120 பாகை தள்ளி நிற்கின்றன. ஒரு சோடி விட்ட குறையை மற்ற இரண்டு சோடிகளும் சேர்ந்து அப்படியே ஈடுகட்டிவிடுகின்றன. அதோடு முன் மூன்றும் பின் மூன்றும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒத்திருப்பதால், எஞ்சின் தராசுத் தட்டுப் போல முன்னும் பின்னும் ஆடுவதுமில்லை. வி6 என்பதோ இரண்டு மூன்று சிலிண்டர் எஞ்சின்களைச் சாய்த்து ஒட்டியது. சிக்னலில் நிற்கும்போது பழைய மாருதி 800 ஆடிய ஆட்டம் நினைவிருப்பவர்களுக்கு மூன்று சிலிண்டரின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தை வி6இல் 60 பாகைக் கோணமும் கிராங்கின் அமைப்பும் நன்றாகவே குறைக்கின்றன, அடியோடு ஒழிப்பதில்லை.

கேள்வி: ஜப்பான் கம்பெனி ஒன்றின் பழைய 3 லிட்டர் வி6 செடான் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பின்பக்க ஸ்பார்க் பிளக்கை மாற்றவே அரை நாள் ஆகும் என்று என் மெக்கானிக் தயங்குகிறார். வாங்கலாமா? (மதுரை வாசகர்)

உங்கள் மெக்கானிக் நேர்மையானவர். முன்சக்கர இழுவைக் காரில் வி6 எஞ்சினைக் குறுக்காகப் படுக்கவைக்கும்போது மூன்று சிலிண்டர்கள் ரேடியேட்டரைப் பார்த்தும் மூன்று கேபின் சுவரை ஒட்டியும் அமைகின்றன. அந்தப் பின் மூன்றைத் தொட, பல மாடல்களில் இன்டேக் மேனிஃபோல்டை (காற்றை உள்ளே கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியை) கழற்றியாக வேண்டும். ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) இரண்டு, ஹெட் கேஸ்கட் இரண்டு, வால்வு கவர் இரண்டு, புகை மேனிஃபோல்டு இரண்டு என்று எல்லாமே இரட்டிப்பாகும். வாங்குவதென்று முடிவு செய்தால், மேனிஃபோல்டைக் கழற்றும் ஒரே தடவையில் பிளக், பின் வால்வு கவர் கேஸ்கட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் அதையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பக்கத்தில் இந்த எஞ்சினைப் பிரித்துப் பழகியவர் இல்லையென்றால் மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

கேள்வி: நண்பரின் ஸ்கோடா சூப்பர்ப் காரில் வி6 என்று எழுதியிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஒரு ஹெட்தான் தெரிகிறது. ஏமாற்றுகிறார்களா? (ஈரோடு வாசகர்)

ஏமாற்று இல்லை, பாதி உண்மை. ஃபோக்ஸ்வாகன் 1991இல் கொண்டுவந்த குறுங்கோண எஞ்சினின் வழிவந்தது அது. முதலில் 15 பாகையும், நீங்கள் பார்த்த 3.6 லிட்டரில் 10.6 பாகையுமாக இரண்டு வரிசைகளும் அவ்வளவு நெருங்கி நிற்பதால் ஒரே ஹெட் இரண்டையும் மூடிவிடுகிறது. இத்தாலியின் லான்சியா இதே உத்தியை 1922இல் தன் லாம்டா காரின் வி4 எஞ்சினில் கையாண்டது.

கேள்வி: விலையுயர்ந்த கார்கள் மீண்டும் வரிசை ஆறுக்குத் திரும்புவதாகப் படித்தேன். வி6 தோற்றுவிட்டதா? (சென்னை வாசகர்)

தோற்கவில்லை, அதற்கு வாழ்வு கொடுத்த காரணங்கள் சில மாறிவிட்டன. மெர்சிடிஸ் நிறுவனம் 1997இல் வரிசை ஆறைக் கைவிட்டு வி6க்குப் போனபோது, தன் வி8உடன் ஒரே தயாரிப்புத் தடத்தில் அதை உருவாக்க விரும்பியது. வி8க்கு இயல்பான கோணம் 90 பாகை என்பதால் வி6க்கும் அதையே கொடுத்து, விளைந்த அதிர்வை அடக்க ஒரு சமன் தண்டையும் வைத்தது. மோதலின்போது நசுங்குவதற்கு முன்புறத்தில் இடம் வேண்டும் என்ற தேவைக்கும் குட்டையான வி6 உதவியது.

இருபது ஆண்டு கழித்து, 2017இல், அதே நிறுவனம் மூன்று லிட்டர் வரிசை ஆறைத் திரும்பக் கொண்டுவந்தது. இம்முறை அது சோடி சேர்ந்தது நான்கு சிலிண்டருடன். வரிசை நான்கில் இரண்டு சிலிண்டரைக் கூட்டினால் ஆறு என்பதால் பல பாகங்களையும் இயந்திரங்களையும் பகிர்ந்துகொள்ளலாம். ஏசி கம்ப்ரஸரையும் வாட்டர் பம்ப்பையும் 48 வோல்ட் மின்சாரத்தில் ஓட்டி, முன்னாலிருந்த பெல்ட்டை எடுத்துவிட்டதால் எஞ்சினின் நீளமும் குறைந்தது. ஒரு பக்கத்திலேயே எல்லாப் புகையும் வருவதால் டர்போவையும் புகை வடிகட்டிகளையும் எஞ்சினை ஒட்டியே வைக்க முடிகிறது. அவை விரைவில் சூடேறினால்தான் இன்றைய மாசு விதிகளுக்குள் அடங்க முடியும். 1933 முதல் வரிசை ஆறைத் தயாரித்துவரும் பிஎம்டபிள்யூ இதையெல்லாம் புன்னகையோடு பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். குறுக்காக எஞ்சின் வைக்கும் முன்சக்கர இழுவைக் கார்களில் மட்டும் வி6இன் இடத்துக்கு ஆபத்தில்லை.

கேள்வி: பொன்மலையில் பணியாற்றியபோது டீசல் ரயில் எஞ்சின்களில் பதினாறு சிலிண்டர் வி அமைப்பைப் பார்த்திருக்கிறேன். வரிசை எஞ்சின்கள் ஏன் ஆறோடு நின்றுவிட்டன? (திருச்சி வாசகர்)

எட்டும் இருந்தது. அமெரிக்காவின் பேக்கார்டும் பான்டியாக்கும் 1954 வரை காரில் வரிசை எட்டு வைத்திருந்து, மறு ஆண்டே வி8க்குத் தாவின. பானெட்டின் நீளம் ஒரு காரணம். நீண்ட கிராங்க் முறுக்கிக்கொள்வது மற்றொன்று. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஈரத்துணி பிழிவதுபோல் சற்றே திருகி விடுகிறது. தண்டு நீளும்போது அது திரும்பி அதிரும் வேகம் தாழ்ந்து, எஞ்சின் வழக்கமாக ஓடும் வேகத்துக்குள்ளேயே வந்துவிட்டால் தண்டு உடையும் அபாயம் உண்டு. நீங்கள் பார்த்திருக்கக்கூடிய டபிள்யூடிஎம்-2 ரயில் எஞ்சின் 2,600 குதிரைத்திறனைப் பதினாறு சிலிண்டரிலிருந்து எடுக்கிறது. அவற்றை வரிசையாக நிறுத்தினால் வண்டியின் நீளத்தில் பெரும் பகுதியை எஞ்சினே விழுங்கிவிடும்.

இடமும் நிதானமும் இருந்தால் பதினான்கையும் வரிசையாக நிறுத்தலாம். 2006இல் கடலில் இறங்கிய எம்மா மெர்ஸ்க் என்ற சரக்குக் கப்பலின் எஞ்சினில் 96 சென்டிமீட்டர் போர் உள்ள பதினான்கு சிலிண்டர்கள் ஒரே கோட்டில் நிற்கின்றன. அதன் கிராங்க் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றுவதில்லை.