சி.எஃப். விழிப்புணர்வு: மண்டபத்தை விட புதன்கிழமை தடுப்பூசி வரிசை மேல்

கேள்வி: அக்கா மகனுக்கு 4 வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சி.எஃப்., சளி கெட்டியாகி நுரையீரலும் செரிமானமும் கெடும் பரம்பரை நோய்) என்று இப்போதுதான் தெரிந்தது. குடும்பமாகச் சேர்ந்து ஊரில் விழிப்புணர்வு கொண்டுவர நினைக்கிறோம். செப்டம்பர் 8, உலக சி.எஃப். தினத்தன்று மண்டபம் பிடித்து, இதே நோயுள்ள பிள்ளைகளையும் மேடையேற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தலாமா?

பதில்:

நடத்தாதீர்கள். குறைந்தபட்சம் பிள்ளைகளை மேடையேற்றாதீர்கள். சி.எஃப். உள்ள இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கவே கூடாது. ஒரு பிள்ளையின் நுரையீரலில் குடியேறிய சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா போன்ற கிருமிகள் மற்றவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இன்னொரு சி.எஃப். பிள்ளைக்கு அவை தொற்றிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. சி.எஃப். உள்ள இருவருக்கிடையே 6 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது விதி. குரூப் போட்டோ, ஒரே மைக், பந்தியில் ஒரே வரிசை எல்லாமே அந்த விதிக்கு எதிரானவை. பெற்றோர் மட்டும் நேரில் கூடுங்கள், பிள்ளைகள் வீடியோவில் பேசட்டும். ஊருக்குச் சொல்லும்போது இதன் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வகுப்பில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு இந்த நோய் ஒட்டாது. அவன் இருமலைப் பார்த்து யாரும் தள்ளி உட்கார வேண்டியதில்லை.

தேதியும் எனக்கு உடன்பாடில்லை. இந்த நோய்க்குக் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணுவைக் கண்டுபிடித்த கட்டுரைகள் 1989 செப்டம்பர் 8 அன்று வெளியானதால் அந்த நாள். தமிழ்நாட்டில் இந்தக் குழந்தைகள் அதிகம் தவிப்பது கத்திரி வெயிலில். வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் இறங்கும். குழந்தை வாந்தி எடுக்கும், துவண்டு போகும், பால் குடிக்காது. வீட்டில் 'சூடு' என்று இளநீரும் வெறும் தண்ணீரும் கொடுப்பார்கள். போன உப்பை அவை ஈடுகட்டாது. ஆகவே மார்ச், ஏப்ரலில் சொல்வதுதான் பிரயோஜனம். செப்டம்பரில் வேண்டுமானால் இன்னொரு முறை சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 2010-க்குள் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்திலேயே இதற்கான முதல்கட்டப் பரிசோதனை வந்துவிட்டது. அங்கே விழிப்புணர்வு என்றால் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது. இங்கே எல்லாப் பிறப்புக்கும் அந்தப் பரிசோதனை கிடையாது. ரிப்பனும் ஓட்டப்பந்தயமும் தப்பென்று சொல்லவில்லை, அதற்கு முன்னால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். யாராவது ஒரு மருத்துவர் 'வியர்வை குளோரைடு டெஸ்ட்' (வியர்வையில் உப்பு எவ்வளவு என்று அளப்பது) என்று சீட்டில் எழுத வேண்டும். உங்கள் உழைப்பு முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் இருக்க வேண்டும்.

அதற்கு மண்டபம் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் அம்மாக்கள், ஆயாக்கள், கிராம சுகாதார செவிலியர், மாதாமாதம் எடை பார்த்துக் குறிக்கும் அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர்தான் உங்கள் கூட்டம். மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டி அனுமதி கேட்டு, 10 நிமிடம் பேசுங்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடமும் ஒரு தாள் கொடுங்கள். சந்தேகப்பட்ட குழந்தையை மாவட்ட மையத்துக்கு அனுப்பும் வழி அவர்களிடம் இருக்கிறது.

தாளில் இவ்வளவு போதும்:

'குழந்தையை முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கிறதா? வியர்வை காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா? நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லையா? மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு, நிறைய, கடும் நாற்றத்துடன் போகிறதா? நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறதா? இவற்றில் இரண்டு இருந்தால், வியர்வை குளோரைடு டெஸ்ட் தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.'

பிறந்ததும் முதல் மலம் போகாமல் குடல் அடைத்து அறுவை சிகிச்சை ஆன குழந்தை, ஆசனவாய் வெளியே தள்ளும் குழந்தை, மூக்கில் சதை வளர்ந்த குழந்தை, முன்னால் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்த வீடு ஆகியவற்றைச் செவிலியர்களுக்கான தாளில் மட்டும் சேருங்கள். இத்தனைக்கும் காரணம் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றுதான். செல்லின் சவ்வில் குளோரைடு போய்வரும் வழி பழுது. நுரையீரலில் சளி ஆறிய பசை மாதிரி கெட்டியாகிறது. கணையக் குழாய் அடைபட்டு, கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போகிறது. வியர்வைச் சுரப்பி உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் வெளியே விடுகிறது.

சி.எஃப். குழந்தைக்குத் தினமும் கொடுக்க வேண்டிய கூடுதல் உப்பின் அளவை மட்டும் எந்தத் தாளிலும் அச்சடிக்காதீர்கள். அதை அந்தந்தக் குழந்தையின் மருத்துவர் சொல்வார். நல்ல ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு யாராவது பார்த்துவிட்டு உப்புத் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து. வாட்ஸ்அப்பில் போட்டால் இது நடந்தே தீரும்.

டெஸ்ட் விஷயத்தில் நீங்களே கொஞ்சம் வேலை செய்து வையுங்கள். வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் சி.எஃப். பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஊர் லேப் 'பண்ணுகிறோம்' என்றால் போனில் கேளுங்கள்: குளோரைடு அளக்கிறீர்களா, கண்டக்டிவிட்டி (வியர்வையில் மின்சாரம் கடக்கும் அளவு) மட்டுமா? கண்டக்டிவிட்டி முதல்கட்டச் சல்லடைதான், அந்த எண்ணைக் குளோரைடு அட்டவணையில் வைத்துப் படிக்கக் கூடாது. முறையான டெஸ்டில் முழங்கைக்குக் கீழே பைலோகார்பின் வைத்து மெல்லிய மின்சாரம் கொடுத்து வியர்க்க வைத்து, 30 நிமிடம் வியர்வை சேகரிப்பார்கள். குளோரைடு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் என்றால் சி.எஃப்., 30 முதல் 59 வரை சந்தேகம், 30-க்குக் கீழே பெரும்பாலும் இல்லை. சொதப்பும் இடங்கள்: வியர்வை போதாமை, எடுத்த வியர்வை ஆவியாகிப் போவது, உடம்பில் நீர்கோத்து வீங்கிய குழந்தைக்குச் செய்வது. வீங்கிய குழந்தைக்கு நோய் இருந்தும் குறைவாகக் காட்டலாம், வீக்கம் வடிந்தபின் மறுபடி செய்ய வேண்டும். ஐரோப்பியர்களுக்காகத் தயாரித்த சில மரபணு மாற்றங்களை மட்டும் பார்க்கும் டெஸ்டில் 'இல்லை' என்று வந்தாலும் நம்பி உட்கார வேண்டாம். அங்கே அதிகம் காணும் எஃப்508டெல் மாற்றம் நம் நோயாளிகளிடம் அந்த அளவுக்கு இல்லை.

'டி.பி. மருந்தை நிறுத்தச் சொல்கிறான்' என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: சொல்லவில்லை. இருமல், மெலிவு, எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் நிழல் என்றால் இந்த நாட்டில் டி.பி.யை முதலில் நினைப்பது நியாயம். சளியில் கிருமியே காணாமல் இரண்டாம் முறையும் டி.பி. கோர்ஸ் எழுதும்போதாவது வியர்வையைப் பார்க்கலாமே என்பதுதான் கோரிக்கை.

சொந்தத்தில் கல்யாணம் பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும். அசலில் கட்டியவர்களுக்கும் வரும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய், ஆகவே மருமகளை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. இருவரிடமும் ஒரு பழுதான பிரதி இருந்தால் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒன்று வாய்ப்பு, அந்தக் கணக்கு ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனி. ஒன்றுக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்று தப்பும் என்று அர்த்தமில்லை.

பள்ளிக்குத் தனியாக ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை போட்டால்தான் அவனுக்குச் செரிக்கும், அதைப் பையில் பூட்டி வைக்கக் கூடாது. விழுங்கத் தெரியாவிட்டால் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளைப் புளிப்பான பழக்கூழில் தூவித் தரலாம். சூடான சோற்றில் பிசையக் கூடாது, மணிகளை மெல்லவோ நசுக்கவோ கூடாது, வாயில் தங்கினால் புண்ணாகும். பாத்ரூம் கேட்டால் உடனே அனுப்ப வேண்டும். இருமினால் அடக்கச் சொல்லக் கூடாது, சளி வெளியே வருவது நல்லது. ஓடி விளையாடட்டும். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோயாளிப் பிள்ளையைக் காய்ச்சலோடு வரவைக்க இதைவிட நல்ல திட்டம் கிடையாது.

இன்னொரு ஆதங்கம், நீங்கள் கேட்காதது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 நிலைகள் உள்ளன. தலசீமியா இருக்கிறது, ஹீமோபிலியா இருக்கிறது, அரிவாள் செல் நோய் இருக்கிறது. சி.எஃப். இல்லை. அவர்களுக்குக் கொடுத்தது தப்பென்று சொல்லவில்லை. தினமும் மணிக்கணக்கில் நெபுலைசரும் முதுகு தட்டலுமாக ஓடும் வீட்டுக்கு ஒரு அட்டை கூடக் கிடையாது என்கிறேன். விழிப்புணர்வு என்று எம்.எல்.ஏ.வைக் கூப்பிடுவதாக இருந்தால், பொன்னாடையோடு இந்த மனுவையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பையனின் முகம், பெயர், ரிப்போர்ட் எதையும் பொதுவில் போடாதீர்கள். வளர்ந்தபின் அவனே சொல்லிக்கொள்ளட்டும். அவனுக்கு அக்கா, தங்கை இருந்தால் அவர்கள் கேரியரா (பழுதான பிரதி ஒன்று மட்டும் உள்ளவரா) என்பதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில்கூடப் பேச வேண்டாம். கேரியருக்கு நோய் கிடையாது, இருந்தும் பெண் கேட்டு வருகிறவர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சித்தி, மாமா வீடுகளில் யாராவது குழந்தைக்குத் திட்டமிட்டால் அவர்களை மட்டும் தனியாக அழைத்து மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல்லுங்கள். போகும்போது பையனின் மரபணு ரிப்போர்ட் நகல் கையில் இருக்க வேண்டும். எந்த மாற்றத்தைத் தேடுவது என்பது அதிலிருந்துதான் தெரியும்.