சமையலறைக் கதவு மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: எங்கள் மாடுலர் கிச்சனுக்கு எட்டு வயது. சிங்க்கின் கீழும் அதை ஒட்டியும் உள்ள கதவுகள் ஊதி, ஓரப் பட்டை உரிந்து தொங்குகிறது. கார்பென்டர் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். அளவு கொடுத்தால் ஷட்டர், அதாவது கதவு மட்டும் செய்து தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: கதவு மாட்டியிருக்கும் அலமாரிப் பெட்டி திடமாக இருந்தால் ஷட்டர் மட்டும் போதும். கீல் மாட்டியிருக்கும் பக்கப் பலகையில் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள். இறுகினால் சரி. சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பலகை உள்ளே பொடிந்துவிட்டது. அந்தப் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். அதற்கு முன் சிங்க் ஒழுகலை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுக் கதவும் ஊதும்.

அளவில்தான் பணம் வீணாகும். பெட்டியின் வாயை அளக்காமல், பழைய கதவைக் கழற்றி மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஊதிய கதவு பொய் அளவு காட்டும். அதே வரிசையில் ஊதாத கதவு இருந்தால் உயரத்துக்கு அதையே நம்பலாம். எது உயரம், எது அகலம் என்று எழுத்தில் குறிப்பிடுங்கள். மரக்கோடு உள்ள மைக்காவில் இது மாறிப்போனால் கோடு படுத்துவிடும். கீலுக்கான 35 மி.மீ. குழியைக் கடையில் போடச் சொல்லாமல், கதவு வந்தபின் வீட்டிலேயே போடச் சொல்வேன். கீல் புதிதாக வாங்குவதென்றால் பழையதைக் கையில் கொண்டுபோங்கள். ஓரக் கதவுக்கும் நடுப்பலகையைப் பங்கிடும் கதவுக்கும் கீலின் வளைவு வேறு.

சிங்க் பக்கம் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். நீரைத் தாங்கும் ஐஎஸ் 710 தர பிளைவுட் வாங்குங்கள். மைக்கா ஒட்டியபின் பலகையின் முத்திரை தெரியாது. அதனால் தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். உட்புறமும் மைக்கா ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளைந்துவிடும். பழைய நிறத்தைத் தேடி அலைய வேண்டாம், எட்டு வருடத்தில் அது மங்கியிருக்கும். கீழ்வரிசை முழுவதையும் வேறு நிறத்தில் போட்டால் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும்.

நீங்கள் தவறாகக் கொடுத்த அளவுக்குக் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார். ஆனால் ஆர்டரில் உள்ளதற்கு மாறாக அளவோ பலகையோ வந்தால் அது அவர் தவறு. பொருத்துவதற்கு முன் அளந்து படம் எடுத்து வையுங்கள். கடை கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். பில் கையில் இருக்கட்டும்.