குழுவை விட்டு விலகித் தனி ஆல்பம் செய்ய விரும்பும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் பாடிவரும் இசைக்குழுவுக்கு ஊர் ஊராக அழைப்பு வரத் தொடங்கியிருக்கும் நேரத்தில், அதை விட்டு விலகித் தனியாக ஓர் ஆல்பம் செய்யப்போவதாக அவள் சொல்வதையும், பட்டப்படிப்பில் இன்னும் ஓராண்டு மீதம் இருக்கையில் இதை அனுமதிப்பதா தடுப்பதா என்று நீங்கள் தவிப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அனுமதியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பு, குழுவிலிருந்து வெளியே வரும்போது அவள் எதைத் தன்னுடன் எடுத்து வருகிறாள் என்பதை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டத்தைச் சேர்த்த புகழில் பெரும்பங்கு குழுவின் பெயரோடு தங்கிவிடும். பாடகியோடு வருவது குரலும், அவள் எழுதக்கூடிய பாட்டுகளும், அவளோடு உழைக்கச் சம்மதிக்கும் ஓரிருவரும்தான்.

இங்கிலாந்துப் பாடகர் ராபி வில்லியம்ஸ் கடந்து வந்த பாதையை இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1990இல் மான்செஸ்டரில் உருவான டேக் தட் குழுவில் அவர் 16 வயதில் சேர்ந்தார். அந்தக் குழு பிரிட்டனில் பெரும் வெற்றி பெற்றிருந்த 1995 ஜூலையில், 21 வயதில், அதிலிருந்து பிரிந்தார். அடுத்த மாதமே அவர் பாடல் வெளியிட்டுவிடவில்லை. பழைய ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது; முன்னாள் மேலாளர் தமக்குச் சேரவேண்டிய பங்குக்காக வழக்குத் தொடர்ந்து வென்றார். 1996 கோடையில் வந்த முதல் தனிப்பாடலும் ஜார்ஜ் மைக்கேல் முன்பே பாடியிருந்த பாட்டின் மறுபதிவுதான். சொந்தப் பாடல்களைக் கொண்ட 'லைஃப் த்ரூ எ லென்ஸ்' என்ற ஆல்பம் 1997 செப்டம்பரில்தான் வெளிவந்தது, அதாவது அவர் விலகி இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு.

அந்த ஆல்பமும் வந்தவுடன் வெற்றி பெறவில்லை. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடத்தில் நுழைந்து, பிறகு கீழே இறங்கியது. அதிலிருந்து தனித்தனியாக வெளியான பாடல்களில் முதலாவது 2ஆம் இடத்தையும், அடுத்தது 8ஆம் இடத்தையும், மூன்றாவது 14ஆம் இடத்தையும் பிடித்தன. ஆர்வம் குறைந்துகொண்டே வருவதை எவரும் கண்டிருக்கலாம். 1997 டிசம்பரில் நான்காவதாக வந்த 'ஏஞ்சல்ஸ்' நிலைமையை மாற்றியது. அது 4ஆம் இடத்தைத் தாண்டவில்லை என்றாலும் மக்கள் அதை விடாமல் வாங்கினார்கள். 1998இல் ஆல்பம் முதலிடத்துக்கு ஏறியது. டேக் தட் குழுவில் பாடல்களைப் பெரும்பாலும் எழுதியவர் கேரி பார்லோ. ராபி அங்கே பாடியும் ஆடியும் வந்தவர். விலகிய பிறகு கய் சேம்பர்ஸ் என்ற இசையமைப்பாளர் கிடைத்து, இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கியதுதான் அவருடைய தனி வாழ்க்கையின் உண்மையான தொடக்கம் என்று நான் கருதுகிறேன்.

கேரி பார்லோவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுதும் திறன், குழுவின் புகழ், இசை நிறுவனத்தின் ஆதரவு எல்லாம் இருந்த அவருடைய முதல் தனி ஆல்பம் 1997இல் நேராக முதலிடத்தில் நுழைந்தது. 1999இல் வந்த இரண்டாவது ஆல்பம் கவனிக்கப்படாமல் போக, நிறுவனம் அவரைக் கைவிட்டது. ஆகவே முதல் வாரத்தின் எண்ணைக் கொண்டு மகளின் எதிர்காலத்தை நீங்களும் அளக்க வேண்டாம், அவளும் அளக்க வேண்டாம்.

உடல்நலத்தைப் பற்றி ஒரு சொல். ஆல்பம் வெளிவந்த அதே 1997இல் ராபி போதைப் பழக்கத்திலிருந்து மீள மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெற்றார். குழுவோடு இருக்கும் வரை பயணமும் ஒத்திகையும் நாளை ஒழுங்குபடுத்தும். தனியாக வந்தபின் அந்த ஒழுங்கை ஒருவர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் அவளுக்கு வீட்டின் துணை தேவைப்படும் என்பதால், கோபத்தில் பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி தாள்களைப் பற்றி. குழுவில் சேரும்போதோ ஏதேனும் இசை நிறுவனத்துக்குப் பாடும்போதோ அவள் கையெழுத்திட்ட ஒவ்வொன்றையும் தேடி எடுங்கள். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், பதிவுகள் யாருக்குச் சொந்தம், விலகிய பிறகு எவ்வளவு காலம் தனியாக வெளியிடக் கூடாது என்று ஏதேனும் எழுதியிருக்கிறதா என்பதைப் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். 2012இல் செய்த திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய ராயல்டியை, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காகக் கிடைக்கும் பங்குத்தொகையை, தம் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. குழுவின் பாட்டுகளில் ஒரு வரியோ ஒரு மெட்டோ அவளுடையது என்றால், அது இப்போதே எழுத்தில் பதிவாக வேண்டும்; பிரிந்த பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

படிப்பை நிறுத்துவதற்கு இதில் எந்தக் காரணத்தையும் நான் காணவில்லை. நல்ல ஆல்பத்துக்கான பாட்டுகளை எழுதி, தேர்ந்து, பதிவு செய்யவே ஓராண்டு போதாது என்பதை மேலே சொன்ன கதையே காட்டுகிறது. மீதமுள்ள ஓராண்டை அந்த எழுத்து வேலைக்கும் பட்டத்துக்கும் சேர்த்தே அவள் பயன்படுத்தலாம். முழு ஆல்பத்துக்குக் கடன் வாங்காமல், முதலில் ஒன்றிரண்டு பாடல்களை மட்டும் வெளியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு அவளையும் அழைத்து வாருங்கள். கையெழுத்திட்ட தாள்களின் நகல்களையும், குழுவுக்காக அல்லாமல் தனக்கென்று எழுதிய மூன்று பாட்டுகளையும் அவள் கொண்டு வரட்டும். அந்த மூன்றும் இன்னும் எழுதப்படவில்லை என்றால், எழுதி முடித்தபின் நாம் நாள் குறித்துக்கொள்ளலாம்.