பொம்மையில் பழகினால் நர்ஸ் ஆகிவிட முடியுமா?

ஐயா, புதுச்சேரிக் கல்லூரியில், நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்துப் பழகும் சிமுலேஷன் லேபைத் திறந்து காட்டிவிட்டு, கட்டணத்தையும் கூட்டிச் சொன்னார்கள் என்கிறீர்கள். "பண்ருட்டியிலிருந்து அனுப்புகிறேன், என் மகள் பொம்மையைப் பார்த்தா நர்சிங் படிப்பாள்?" என்று கேட்கிறீர்கள்.

பொம்மை என்று சொன்னதில் தப்பில்லை. நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கும் சிபிஆர் பயிற்சிக்கான மேனிக்கினை, அதாவது ஆளுருவப் பொம்மையை, 1960-ல் கொண்டுவந்த நார்வேக்காரர் ஆஸ்முண்ட் லேர்டால் பொம்மை செய்து விற்றவர்தான்.

இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். புத்தகத்தில் இது ஒரே வரி. முதல்முறை செய்யும் பிள்ளை, விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயந்து மேலாகத்தான் அழுத்துவாள். போகப் போகக் கை சோர்ந்து ஆழம் குறையும். அது அவளுக்கே தெரியாது, மேனிக்கினோடு இணைத்த திரை காட்டிக்கொடுக்கும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். நிஜ கேஷுவால்டியில் அந்த நேரம் மாணவியை யாரும் கிட்டே விடமாட்டார்கள். ஃபைலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பாள்.

நம் பக்கத்தில் பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கி வருவதும் உண்டு. வாயில் நுரை, சுருங்கிய கண்மணி. முதலில் கையுறை போட்டு, நனைந்த துணியைக் கழற்ற வேண்டும். டாக்டர் "அட்ரோபின்" என்று மாற்றுமருந்தின் அளவு சொன்னால், அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி, போட்டபின் "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். இன்னொருத்தி நேரத்தைக் குறிக்க வேண்டும். இதையெல்லாம் லேபில் பலமுறை செய்து பார்க்கலாம். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து, எங்கே தடுமாறினோம் என்று பேசுவார்கள். என்னைக் கேட்டால் பாதிப் படிப்பு அந்தப் பேச்சில்தான்.

மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை நல்ல சிமுலேஷனுக்கு மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை என்று அமெரிக்காவில் 10 நர்சிங் கல்லூரிகளில் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பழகிய ஆசிரியரும் போதிய கருவிகளும் இருந்த இடங்கள் அவை. அதனால் மேனிக்கின் என்ன விலை என்று கேட்காதீர்கள். பிளாஸ்டிக் உறை பிரித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆபீசில் விசாரிப்பதைவிட இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம், "கடைசியாக எப்போது செய்தாய், உன்னோடு எத்தனை பேர், நீ செய்தாயா, வேடிக்கை பார்த்தாயா?" என்று கேளுங்கள். பிறகு கல்லூரியின் மருத்துவமனைக்குப் போய், படுக்கைகளில் ஆள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். வார்டு காலியாகக் கிடந்தால் எவ்வளவு நல்ல லேபும் ஈடுகட்டாது.

ஜிப்மர் மாதிரி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். தனியார்தான் என்றால், லேபுக்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். முதலில் நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த முறை மகளையும் கூட்டிப்போய் 2 நிமிடம் அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள்.